10 கோர் இருந்தும் நகரம் ஏன் இழுக்கிறது? சிமுலேஷன் கேம்களும் பிராசசர் கணக்கும்

செந்தூல் அடுக்குமாடியில் இருக்கும் தம்பி ஒருவரின் கேள்வி, சுருக்கமாக இது: "அண்ணா, என் லேப்டாப் ஐ7-1355யு. 10 கோர், 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 2050 4 ஜிபி. நகரம் கட்டும் கேமான சிட்டிஸ் ஸ்கைலைன்ஸ் 2-க்குக் குறைந்தபட்சம் ஐ7-6700கே என்று போட்டிருக்கிறார்கள். அது 4 கோர்தான், 2015இல் வந்தது. என்னுடையது 2023ஆம் ஆண்டுச் சரக்கு. ஆனாலும் ஊரில் 60 ஆயிரம் பேர் சேர்ந்ததும் இழுக்கிறது. யூரோ டிரக் சிமுலேட்டர் 2 நெடுஞ்சாலையில் நன்றாக ஓடுகிறது, பெரிய ஊருக்குள் நுழைந்தால் விட்டு விட்டு ஓடுகிறது. ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 மேலும் ஆசை. 16 கோர் டெஸ்க்டாப் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? கையில் 3,500 வெள்ளி இருக்கிறது."

16 கோர் வேண்டாம். வலுவான 6 கோர் போதும். மிஞ்சும் காசு கிராபிக்ஸ் கார்டுக்கும் ரேமுக்கும் போகட்டும். காசை எடுப்பதற்கு முன், இப்போதிருக்கும் லேப்டாப்பில் எது இழுக்கிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். அதைக் கீழே சொல்கிறேன். முதலில் அந்த 10 கோர் விவகாரம். கோர் என்பது பிராசசருக்குள் தனித்துக் கணக்குப் போடும் ஒரு பகுதி.

ஐ7-1355யு-வில் உள்ள 10 கோரும் ஒரே ரகம் இல்லை. 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் ஒரே சில்லுக்குள் இரண்டு ரகம் வைக்கிறது: வேகமான பி கோர், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் சிறிய இ கோர். உங்களுடையதில் பி கோர் 2, இ கோர் 8. பி கோர் ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட் (வேலை வரிசை) ஏற்கும், இ கோர் ஒன்றுதான் ஏற்கும். அதனால் மொத்தம் 12 த்ரெட். பெட்டியில் போட்டிருக்கும் 5.0 கிகாஹெர்ட்ஸ் அந்த இரண்டு பி கோர்களுக்கு மட்டும், அதுவும் சூடேறாத கொஞ்ச நேரத்துக்கு. இ கோர்களின் உச்சம் 3.7. பெயரின் கடைசியில் நிற்கும் 'யு' எழுத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அது மெலிந்த லேப்டாப்புக்கான ரகம், அடிப்படை மின் அளவு 15 வாட். ஐ7-6700கே டெஸ்க்டாப் சில்லு. 91 வாட், 4 கோரும் முழு அளவு, நல்ல கூலர் இருந்தால் 4 கிகாஹெர்ட்ஸுக்குக் குறையாமல் இரவு முழுக்க ஓடும். ஒன்றுக்கு ஒன்று வைத்தால் உங்கள் பி கோர் அந்தப் பழைய கோரைத் தாண்டிவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 15, 20 வாட்டுக்குள் 10 கோரும் ஒன்றாக உழைக்கும்போது அந்த வேகம் நிற்காது.

லேப்டாப் வாங்கிய அன்று பக்கத்து மேசையிலேயே ஐ5-12450எச் போட்ட ஒன்று இருந்திருக்கலாம். ஐ5, 8 கோர், ஒரு தலைமுறை பழையது. கேட்டதும் ஒரு படி கீழே என்றுதான் தோன்றும். அதில் பி கோர் 4, இ கோர் 4, அடிப்படை 45 வாட். கேம் ஓட்ட அதுதான் மேல். லேப்டாப்பில் ஐ5, ஐ7 என்ற எண்ணைவிட யு, எச், எச்எக்ஸ் என்ற கடைசி எழுத்து அதிகம் சொல்லும்.

இனி, கோர் கூடினால் வேகம் ஏன் கூடுவதில்லை என்பது. கேம் ஒவ்வொரு ஃப்ரேமையும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்தையும், ஒரு கெடுவுக்குள் முடிக்க வேண்டும். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் 16.7 மில்லி நொடி, 30 என்றால் 33.3. இந்தக் கெடுவுக்குள் நடக்கும் வேலைகளில் சிலவற்றைப் பல கோர்களுக்குப் பங்கிடலாம். சிலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே த்ரெட்தான் செய்ய முடியும். அதற்கு மெயின் த்ரெட் என்று பெயர். மாமாக் கடையில் ரொட்டி சானாய் கல்லில் நிற்பவர் ஒருவராக இருக்கும்வரை, மேசை துடைக்க எத்தனை பேரைச் சேர்த்தாலும் ரொட்டி சீக்கிரம் வராது.

எண்ணில் பார்க்கலாம். ஒரு ஃப்ரேமுக்கு மொத்தம் 20 மில்லி நொடி வேலை இருக்கிறது. அதில் 12 பங்கிட முடியாதது, 8 பங்கிடக்கூடியது என்று வையுங்கள். ஒரே கோரில் 20, அதாவது 50 எஃப்பிஎஸ் (நொடிக்கு 50 ஃப்ரேம்). 4 கோரில் 12 + 2 = 14 மில்லி நொடி, 71 எஃப்பிஎஸ். 8 கோரில் 13, அதாவது 77. 16 கோரில் 12.5, சரியாக 80. நாலிலிருந்து பதினாறுக்குப் போய்க் கிடைத்தது 9 ஃப்ரேம். மாறாக, 4 கோரையே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் 25 சதவீதம் வேகமான சில்லுக்கு மாறினால் 14 என்பது 11.2 ஆகிறது, 89 எஃப்பிஎஸ். ஜீன் அம்டால் 1967இல் சொன்ன கணக்கு இதுதான். இன்னும் யாரும் இதை மீறவில்லை.

சிமுலேஷன் கேமில் பங்கிட முடியாத பகுதி ஏன் இத்தனை பெரிதாக இருக்கிறது? ஒன்றின் முடிவு இன்னொன்றைச் சார்ந்திருப்பதால். சிக்னலில் நிற்கும் மூன்றாவது காடி நகருமா என்பது இரண்டாவது நகர்ந்ததா என்பதைப் பொறுத்தது. தொழிற்சாலை கட்டும் ஃபாக்டோரியோ போன்ற கேமில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: மல்டிபிளேயரில் எல்லாருடைய கணினியும் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டு, ஒரே விடைக்கு வர வேண்டும். எந்த வேலை முதலில் முடிகிறது என்பதை த்ரெட்களின் அதிர்ஷ்டத்துக்கு விட்டால், உங்கள் தொழிற்சாலையும் நண்பரின் தொழிற்சாலையும் பத்து நிமிடத்தில் வேறு வேறாகிவிடும்.

ஆகவே 'சிமுலேஷன் கேமுக்கு எத்தனை கோர்' என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. கேமுக்குக் கேம் குணம் வேறு.

யூரோ டிரக் சிமுலேட்டர் 2 வந்தது 2012இல். எஸ்சிஎஸ் நிறுவனம் இன்றுவரை மெருகேற்றிக்கொண்டே வந்தாலும் அடித்தளம் பழையது. பெரும்பாலான பாரம் ஒரே த்ரெட்டின் தலையில்தான் விழும். வலுவான 4 கோருக்கு மேல் இருப்பவை சும்மாதான் இருக்கும். ஊருக்குள் விட்டு விட்டு ஓடுவதற்குக் கட்டடங்களும் போக்குவரத்தும் காரணம், அதோடு கண்ணாடிகளும். லோரியின் பக்கக் கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் கேம் அந்தக் காட்சியை மறுபடி வரைய வேண்டும். செட்டிங்ஸில் கண்ணாடியின் தரத்தையும் தூரத்தையும் ஒரு படி இறக்கிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம். போக்குவரத்தை அடர்த்தியாக்கும் மோட் (கேமை மாற்ற வெளியிலிருந்து சேர்ப்பது) போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

சிட்டிஸ் ஸ்கைலைன்ஸ் முதல் பாகமும் இரண்டாம் பாகமும் நேரெதிர். 2015இல் வந்த முதல் பாகத்தில் நடமாடும் ஆட்களுக்கு 65,536, வாகனங்களுக்கு 16,384 என்று உச்சவரம்பு உண்டு. அதைத் தொட்டபின் ஊர் பெருத்தாலும் அந்தப் பக்கத்துப் பாரம் அதற்கு மேல் ஏறாது. அந்தப் பாகத்துக்கு வேகமான சில கோர்களும், மோட், அசெட் ஏற்றுபவர்களுக்கு நிறைய ரேமும் வேண்டும். 2023 அக்டோபரில் வந்த இரண்டாம் பாகம், வேலையைச் சிறு சிறு துண்டாக வெட்டிக் கிடைக்கும் கோர்களுக்கெல்லாம் பங்கிடும் முறையில் எழுதப்பட்டது. கோர் கூடினால் உண்மையிலேயே பலன் தெரியும் ஒருசில கேம்களில் இது ஒன்று. உங்கள் மூன்று கேம்களில் 8 முழுக் கோருக்கு அதிகம் நியாயம் சொல்வது இதுதான். ஆனால் இதே கேம் கிராபிக்ஸ் கார்டையும் பிழிந்தெடுக்கும், அதை மறந்துவிடக்கூடாது.

ஃப்ளைட் சிமுலேட்டர் இரண்டுக்கும் நடுவில். 2020 பாகம் மெயின் த்ரெட்டில் சிக்கிக்கொள்வதில் பேர்போனது. லங்காவியிலிருந்து புறப்பட்டு நீரிணைக்கு மேல் பறக்கும்போது ஒரு குறையும் தெரியாது. பினாங்கை நெருங்கி ஜார்ஜ்டவுன் கட்டடங்கள் தெரியத் தொடங்கும்போதுதான் எஃப்பிஎஸ் விழும். நிலம், பொருள், விமான நிலையப் போக்குவரத்து, காக்பிட் திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அந்த ஒரு த்ரெட்டை நெருக்கும் இடம் அது. 2024 பாகத்தில் வேலையைப் பங்கிடுவது மேம்பட்டிருக்கிறது, அதற்கேற்றாற்போல் தேவையும் ஏறிவிட்டது. 2020க்குக் குறைந்தபட்சம் ஐ5-4460, 4 கோர், 8 ஜிபி ரேம். 2024க்கு ஏஎம்டியின் ரைசன் 5 2600எக்ஸ் அல்லது ஐ7-6800கே, இரண்டுமே 6 கோர் 12 த்ரெட், 16 ஜிபி ரேம். பரிந்துரைப்பது 8 கோர் ரைசன் 7 2700எக்ஸ் அல்லது ஐ7-10700கே, 32 ஜிபி. 6 கோர் என்ற வரம்பை நான் சொல்வதற்கு இந்தப் பட்டியலும் ஒரு காரணம்.

கோர்களை மனசாரப் பயன்படுத்தும் கேம் வேண்டுமென்றால் பீம்என்ஜி டிரைவ். வாகனம் ஒவ்வொன்றின் இயற்பியலையும் நொடிக்கு 2,000 முறை, தனித்தனி த்ரெட்டில் கணக்கிடுகிறது. ஒரு காடியை மட்டும் மோதவிட்டால் 4 கோரே ஏராளம். பத்துக் காடிகளை விட்டால் 8 கோருக்கும் வேலை இருக்கும். ஃபாக்டோரியோவில் கதையே வேறு: அங்கே கோரும் முக்கியமில்லை, கிகாஹெர்ட்ஸும் முழுப் பதில் இல்லை. லட்சக்கணக்கான பொருள்களின் நிலையை நினைவகத்திலிருந்து எடுத்து எடுத்துப் பார்ப்பதால், சில்லுக்குள் இருக்கும் கேஷ் (வேகமான சிறு நினைவகம்) எவ்வளவு என்பதுதான் தீர்மானிக்கும். சாதாரண ரைசன் 5 5600-இல் 32 எம்பி எல்3 கேஷ். 2022இல் வந்த 5800எக்ஸ்3டி-யில் 96 எம்பி. கோர் எட்டுதான், கிகாஹெர்ட்ஸ் தன் அண்ணன் 5800எக்ஸைவிடக் குறைவுதான், ஆனாலும் சிமுலேஷன் கேம்களில் முந்துவது இதுதான். ஃப்ளைட் சிமுலேட்டர்காரர்கள் 3டி என்ற எழுத்துக்காக அலைவதும் இதனாலேயே. ஃபுட்பால் மேனேஜர் ஆடுகிறவர்கள் இங்கே அதிகம் என்பதால் ஒரு வரி: அங்கே பாரத்தை ஏற்றுவது தொடக்கத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் லீக்குகளின் எண்ணிக்கை. கணினியை மாற்றுவதற்கு முன் லீக்கைக் குறையுங்கள்.

இந்தக் கடைசி வரியில்தான் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலின் ஓட்டையும் இருக்கிறது. சுடும் கேமில் ஒரு மேப்பின் பாரம் எவ்வளவு என்று செய்தவர்களுக்குத் தெரியும். நகரம் கட்டும் கேமில் பாரத்தைக் கட்டுவதே நீங்கள். காலி நிலத்தில் முதல் சாலை போடும்போது இருக்கும் கேமும், 60 ஆயிரம் பேர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது இருக்கும் கேமும் ஒன்றல்ல. 'குறைந்தபட்சம்' என்று போட்டிருப்பது கேம் திறக்கும், முதல் சில மணி நேரம் மரியாதையாக ஓடும் என்பதற்கு மேல் எதையும் உறுதி சொல்வதில்லை. எந்தத் திரை அளவில், எத்தனை எஃப்பிஎஸ்ஸில் என்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. பட்டியலில் இன்டெல்லும் ஏஎம்டியும் பக்கம் பக்கமாக நிற்பதால் இரண்டும் சமம் என்றும் கொள்ள வேண்டாம். ஐ7-6700கே-க்குப் பக்கத்தில் ஸ்கைலைன்ஸ் 2 போட்டிருப்பது 6 கோர் ரைசன் 5 2600எக்ஸ். என் வழக்கம், குறைந்தபட்சத்தைக் கண்டுகொள்ளாமல் 'பரிந்துரை' பத்தியை மட்டும் பார்ப்பது. ஸ்கைலைன்ஸ் 2-க்கு அது ஐ5-12600கே அல்லது ரைசன் 7 5800எக்ஸ், 16 ஜிபி ரேம், கார்டு ஆர்டிஎக்ஸ் 3080. பட்டியல் எங்கே மிரட்டுகிறது என்று பாருங்கள்: பிராசசர் நடுத்தரம், கார்டுதான் பெரியது.

கார்டு எண்ணிலும் இதே பொறி. அதே கேமுக்குக் குறைந்தபட்சக் கார்டு ஜிடிஎக்ஸ் 970, 2014ஆம் ஆண்டு டெஸ்க்டாப் கார்டு. 2050 என்பது 970ஐவிடப் பெரிய எண்தான். ஆனால் 970இன் நினைவகப் பாதை 256 பிட், உங்கள் லேப்டாப்பின் ஆர்டிஎக்ஸ் 2050க்கு 64 பிட். 4 ஜிபி இரண்டிலும் 4 ஜிபிதான். அந்த 4 ஜிபியை எடுத்துக் கொடுக்கும் குழாயின் அகலம் நாலில் ஒன்று.

சரி, சோதனை. ஸ்கைலைன்ஸ் 2-இல் உங்கள் 60 ஆயிரம் பேர் நகரைத் திறந்து பாஸ் (pause) போட்டு நிறுத்தி வையுங்கள். பாஸில் கேமராவைச் சுற்றிப் பாருங்கள். அப்போதும் திக்கினால் குற்றவாளி கார்டு. ஏனென்றால் ஊரில் யாரும் நகரவில்லை, படம் வரையும் வேலை மட்டும்தான் நடக்கிறது. பாஸில் வழுக்கிக்கொண்டு ஓடி, ஓடவிட்டதும் இழுத்தால் பிராசசர். அடுத்து, வேகப் பொத்தானை முதல் நிலையில் வைத்து, கேமுக்குள் கடிகாரம் ஒரு மணி நேரம் நகர எத்தனை நொடி என்று கைத்தொலைபேசியில் பாருங்கள். பிறகு மூன்றாம் நிலையில் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் பிராசசர் முழுமையாகத் திணறிவிட்டது. மூன்றாவதாகத் திரை அளவை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டு, அசையாமல் இருந்தால் பிராசசர்.

டாஸ்க் மேனேஜரை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. 'சிபியு 30 சதவீதம்தான் ஓடுகிறது, பிறகு எப்படி பிராசசர் காரணமாகும்?' என்பார்கள். 12 த்ரெட் உள்ள சில்லில் ஒரு த்ரெட் முழு மூச்சில் ஓடினால் மொத்தக் கணக்கில் அது 8.3 சதவீதம். மெயின் த்ரெட் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும், வரைபடமோ தூங்கும். வரைபடத்தில் வலது கிளிக் செய்து லாஜிக்கல் பிராசசர் பார்வைக்கு மாற்றினால் கொஞ்சம் தெளியும். ஆனால் விண்டோஸ் ஒரே த்ரெட்டைக் கோர் விட்டுக் கோர் தள்ளிக்கொண்டே இருப்பதால் அங்கேயும் 100 என்று எதுவும் நிற்காது. இதைவிட நம்பகமானது ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் கார்டின் எண். எஃப்பிஎஸ் உச்சவரம்பு எதுவும் போடாமல் ஓட்டும்போது ஜிபியு 95க்கு மேலேயே நின்றால் கார்டுதான் தடை. எஃப்பிஎஸ் குறைவாகவும் ஜிபியு 60, 70 என்றும் இருந்தால் கார்டு பிராசசருக்காகக் காத்திருக்கிறது. என்விடியா ஆப் இருந்தால் ஆல்ட்+ஆர் அழுத்துங்கள், எண்கள் திரை ஓரத்தில் வரும். ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இல் இத்தனை பாடும் வேண்டாம்: டெவலப்பர் மோடைப் போட்டு, டிபக் மெனுவில் எஃப்பிஎஸ் காட்டச் சொன்னால், மெயின் த்ரெட் தடையா ஜிபியு தடையா என்று அதுவே எழுதிக் காட்டும்.

உங்கள் லேப்டாப்பில் இரண்டும் தடை என்றுதான் வரும் என்பது என் ஊகம். 60 ஆயிரம் பேருக்கு முன்பே கார்டு, அதற்குப் பிறகு பிராசசர். மூன்றாவது ஆளும் உண்டு: சூடு. மெலிந்த லேப்டாப்பில் பிராசசரும் கார்டும் பெரும்பாலும் ஒரே செம்புக் குழாயைப் பகிர்ந்துகொள்ளும். ஏர்கோன் போட்ட 23 டிகிரி அறையிலும், மாலை 4 மணிக்கு 32 டிகிரி காட்டும் செந்தூல் அறையிலும் அதே வேலையைச் செய்தால், சில்லின் வெப்பமும் ஏறக்குறைய அந்த 9 டிகிரி கூடும். 100 டிகிரியைத் தொட்டதும் இன்டெல் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பின்னணியில் ஓடவிட்டு, அரை மணி நேரம் விளையாடிவிட்டு, தெர்மல் த்ராட்லிங் வரியில் 'யெஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். முதல் 5 நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் இழுப்பதும் இதே நோயின் அறிகுறிதான்.

இதற்குக் காசில்லா மருந்துகள் உண்டு. சார்ஜர் மாட்டி, விண்டோஸ் பவர் மோடை உச்ச செயல்திறனில் வையுங்கள். லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தால் அடியிலிருந்து காற்று போகும். மெத்தை மேல் வைத்து ஆடாதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் காற்றாடித் தூசியைச் சுத்தம் செய்யுங்கள். எஃப்பிஎஸ்ஸை 40க்குக் கட்டுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் கார்டு தேவையில்லாமல் 55க்கும் 60க்கும் துள்ளுவதை நிறுத்தினால் சூடு குறையும், மிச்ச வாட் பிராசசருக்குக் கிடைக்கும். நகரம் கட்டும் கேமுக்கு நிலையான 40, தாவும் 60ஐவிட மேல். ஸ்கைலைன்ஸ் 2-இல் டெப்த் ஆஃப் ஃபீல்ட், மோஷன் பிளர், வால்யூமெட்ரிக்ஸ், குளோபல் இல்லுமினேஷன் நான்கையும் அணைக்கவோ இறக்கவோ செய்யுங்கள். கேம் வெளிவந்த சமயத்தில் அதைச் செய்தவர்களும் இதுபோன்ற யோசனை சொன்னார்கள். இவை கார்டின் பாரத்தைக் குறைக்கும், பிராசசருக்கு உதவாது.

ரேமையும் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் என்று இருக்கும். 16 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் நினைவகம் ஒற்றைப் பாதையில் ஓடுகிறது. காலி ஸ்லாட் இருந்தால் அதே அளவு, அதே வேகத்தில் இன்னொன்று போடுவது சிமுலேஷன் கேமுக்கு உடனே தெரியும் மாற்றம். சில மெலிந்த மாடல்களில் ரேம் போர்டோடு ஒட்டியிருக்கும். வாங்குவதற்கு முன் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு போதவில்லை என்றால் டெஸ்க்டாப். 3,500 வெள்ளியில், மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்து, நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு இப்படி இருக்கும்: ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப், இரண்டும் 6 முழுக் கோர் 12 த்ரெட். ரேம் இரட்டைக் குச்சியாக, அன்றைய விலை இடம் கொடுத்தால் 32 ஜிபி, இல்லையென்றால் 16. ரேம் விலை ஏறி இறங்குவதால் இதில் மட்டும் முன்கூட்டியே முடிவு வேண்டாம். 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. தரச் சான்று உள்ள, பெயர் தெரிந்த பவர் சப்ளை. மிச்சம் முழுக்கக் கார்டுக்கு: குறைந்தது 8 ஜிபி நினைவகம் உள்ளது, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிடைத்தால் நல்லது. கார்டு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். பிராசசர் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டியதில்லை. 5600 உட்காரும் ஏஎம்4 போர்டில் பிற்பாடு 5700எக்ஸ்3டி-யோ 5800எக்ஸ்3டி-யோ கிடைத்தால் பயாஸை (போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பித்து மாட்டிக்கொள்ளலாம். ஃப்ளைட் சிமுலேட்டர்தான் உயிர் என்றால், கொஞ்சம் பொறுத்து ஏஎம்5 போர்டில் ரைசன் 5 7600 போட்டு, பின்னாளில் 7800எக்ஸ்3டி-க்குத் தாவும் வழியைப் பார்க்கலாம்.

5600 என்று கேட்டுவிட்டு 5500ஐயோ 5600ஜி-ஐயோ வாங்கி வராதீர்கள். மூன்றும் 6 கோர். ஆனால் பின்னிரண்டில் எல்3 கேஷ் 16 எம்பிதான், பாதி. சிமுலேஷன் கேமில் அது வலிக்கும். இணையக் கடைகளில் '14 கோர் 28 த்ரெட் கேமிங் செட்' என்று மலிவாக ஓடும் ஜியான் இ5-2680 வி4 மூட்டைகளும் இப்படித்தான். 2016ஆம் ஆண்டு சர்வர் சில்லு, உச்சமே 3.3 கிகாஹெர்ட்ஸ். வீடியோ ரெண்டர் செய்ய மோசமில்லை. யூரோ டிரக்குக்கு உங்கள் லேப்டாப்பின் பி கோரே அதை முந்தும். அலுவலகத்திலிருந்து கழித்த 'ஐ7' பெட்டிகளில் தலைமுறையைப் பாருங்கள். ஐ7-4770 என்றால் நாலாம் தலைமுறை. விண்டோஸ் 11 இன்டெல்லில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே அதிகாரப்பூர்வமாக ஏற்காது, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப்பில் பெரிய சில்லுகள், குறிப்பாக ஐ9, பழையதாக வந்தால் யோசியுங்கள். மின்னழுத்தக் கோளாறால் காலப்போக்கில் நிலை குலைந்தவை அவற்றில் உண்டு. 2024 ஆகஸ்ட் முதல் வந்த பயாஸ் புதுப்பிப்பு மேற்கொண்டு கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரி செய்யாது.

இதில் ஒரு வேடிக்கை. இன்டெலும் ஏஎம்டியும் பினாங்கில் ஆலை போட்டது 1972இல். பிராசசரின் உலோக மூடியில் மலேசியா என்று பொறித்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். பாயான் லெப்பாஸிலிருந்து புக்கிட் பிந்தாங்குக்கு நாலைந்து மணி நேரப் பயணம்தான். விலையில் மட்டும் அந்தச் சலுகை தெரிவதே இல்லை.

லோயாட் பிளாசாவில் சீட்டைக் கொடுத்தால் மாட்டித் தருவார்கள். மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். நான்கு ரேம் ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு குச்சி என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். ஒட்டி ஒட்டிப் போட்டால் ஒற்றைப் பாதைதான். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை விற்ற வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடச் சொல்லுங்கள். 3200 என்று விற்ற டிடிஆர்4 ரேம், அதைப் போடாவிட்டால் 2133இலோ 2666இலோ ஓடும், பல வீடுகளில் வருடக்கணக்கில் அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் ஏறியதும் டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பெயர், ரேம் வேகம், ஸ்லாட் எண்ணிக்கை மூன்றையும் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். மானிட்டர் கேபிளைப் போர்டில் குத்தாமல் கார்டில் குத்துங்கள். எஃப் எழுத்துள்ள இன்டெல்லில் போர்டில் குத்தினால் படமே வராது.

வீட்டில் இரண்டு விஷயம். மழைக்காலத்து மாலை இடி கிள்ளான் பள்ளத்தாக்கில் சாதாரணம். சர்ஜ் பாதுகாப்புள்ள நீட்டிப்புப் பலகை வாங்குங்கள், இடி நெருங்கினால் பிளக்கோடு நெட் கேபிளையும் கழற்றுங்கள். இன்னொன்று, ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 நிலப்பரப்பையும் விமானங்களையும் பறக்கும்போதே இணையத்திலிருந்து இழுக்கிறது. குறைந்தபட்சம் 10 எம்பிபிஎஸ், பரிந்துரை 50. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தும் ஜார்ஜ்டவுன் மெழுகு பொம்மை மாதிரி உருகித் தெரிந்தால் பிராசசரைத் திட்டாதீர்கள். ரௌட்டர் ஹாலில், கணினி இரண்டு சுவர் தள்ளி அறையில் என்றால் முதலில் லேன் கேபிள் இழுத்துப் பாருங்கள். கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்டில் மட்டும் அந்தக் கேமைத் திறக்காதீர்கள், மாத டேட்டா ஒரு ராத்திரியில் காலியாகிவிடும்.